ஐ.டி. சேவை மேலாண்மைச் சான்றிதழ்கள்: கடலூர், புதுச்சேரியிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கடலூரிலும் புதுச்சேரியிலும் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், டிப்ளமோ ஆகிய படிப்புகளை முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களில் பலருக்கு நிரல் எழுதுவதில் பெரிய நாட்டம் இருப்பதில்லை. ஐ.டி. என்றாலே நிரல் எழுதுவதுதான் என்ற எண்ணத்தில் அவர்கள் அந்தத் துறையையே விட்டு விலகிவிடுகிறார்கள். ஆனால் ஒரு வங்கியின் இணையச் சேவையோ மருத்துவமனையின் பதிவு மென்பொருளோ நின்றுவிட்டால் அதை மீண்டும் ஓட வைப்பதற்கும், அதில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பயனாளருக்கு இடைஞ்சல் தராமல் பார்த்துக்கொள்வதற்கும், எத்தனை மணி நேரத்தில் எந்தக் குறை தீரவேண்டும் என்ற ஒப்பந்தத்தைக் காப்பதற்கும் தனியாக ஒரு வேலைப் பிரிவே இருக்கிறது. பயனாளரின் குறைகளைக் கேட்டுப் பதியும் சர்வீஸ் டெஸ்க் ஊழியர், இன்சிடென்ட் மேனேஜர், சேஞ்ச் மேனேஜர், சர்வீஸ் டெலிவரி மேனேஜர் என்று படிப்படியாக உயரும் இந்தப் பிரிவைத்தான் ஐ.டி. சேவை மேலாண்மை என்கிறோம். பொறுமையாகப் பேசவும், நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கவும் தெரிந்தவர்களுக்கு இது நல்ல தொழில்.

இத்துறையில் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ஆனால் எந்த வரிசையில் எதைப் பெறுவது என்பதில்தான் புதியவர்களின் பணம் வீணாகிறது. முதலில் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் செலவில்லாமல் கற்றுக்கொண்டு, அடுத்து ஒரே ஒரு அடிப்படைச் சான்றிதழைப் பெற்று, வேலையில் சேர்ந்த பிறகு அந்த வேலைக்குப் பொருந்தும் மேற்படிப்பைத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

முதல் படி: வேலையின் அடிப்படைச் சொற்களைப் புரிந்துகொள்ளுதல்

இன்சிடென்ட், ப்ராப்ளம், சேஞ்ச், சர்வீஸ் ரிக்வெஸ்ட் ஆகிய நான்கு சொற்களும் தெளிவாகிவிட்டால் இத்துறையில் பாதி விளங்கிவிடும். ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மொத்த மருந்து விற்பனை நிறுவனத்தில் திங்கட்கிழமை காலை 9.35 மணிக்கு பில் போடும் மென்பொருள் உறைந்துவிடுகிறது. ஊழியர் ஹெல்ப் டெஸ்கை அழைக்கிறார். அவர்கள் சர்வரை மறுபடி இயக்குகிறார்கள். இருபது நிமிடத்தில் பில் போடத் தொடங்கிவிடுகிறார்கள். எதிர்பாராமல் ஒரு சேவை தடைபட்டதால் இது இன்சிடென்ட். சேவையை விரைவில் மீட்பது மட்டுமே இங்கே நோக்கம். ஏன் நின்றது என்று அந்த நேரத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தால் கவுன்டரில் கூட்டம் சேர்ந்துவிடும்.

அடுத்த திங்கட்கிழமையும், அதற்கடுத்த திங்கட்கிழமையும் அதே நேரத்தில் அதே தடை வருகிறது. இப்போது இன்சிடென்டுகளுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேடவேண்டும். அதற்காகத் தனியாகத் திறக்கும் பதிவுதான் ப்ராப்ளம். வாரந்தோறும் திங்கட்கிழமை காலையில் ஓடும் பேக்கப் வேலை சர்வரின் டிஸ்க்கை முழுவதுமாகப் பிடித்துக்கொள்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். காரணம் தெரிந்தும் நிரந்தரத் தீர்வு இன்னும் செய்யப்படாத இந்த நிலைக்கு நோன் எரர் (known error), அதாவது அறியப்பட்ட பிழை என்று பெயர். அதுவரை பேக்கப்பைக் கையால் நிறுத்தி வைப்பது ஒர்க்அரவுண்ட், அதாவது தற்காலிக வழி. பேக்கப் நேரத்தை நள்ளிரவு இரண்டு மணிக்கு மாற்றுவது சேஞ்ச். அதைச் செய்வதால் வேறெதற்கேனும் பாதிப்பு வருமா என்று பார்த்து, பொறுப்பானவரின் ஒப்புதலைப் பெற்ற பிறகே செய்யவேண்டும். இதே நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு மின்னஞ்சல் கணக்கு கேட்டால், அங்கே எதுவும் பழுதாகவில்லை. அது வழக்கமாக வரும் கோரிக்கை, அதாவது சர்வீஸ் ரிக்வெஸ்ட்.

நேர்காணல்களில் புதியவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இன்சிடென்டுக்கும் ப்ராப்ளத்துக்கும் என்ன வேறுபாடு என்பதுதான். வரையறையை மனப்பாடமாகச் சொல்வதைவிட, இப்படி ஒரு சூழலை உங்கள் ஊரிலிருந்தே எடுத்துச் சொன்னால் கேட்பவருக்கு உங்கள் மீது நம்பிக்கை வரும்.

இரண்டாம் படி: செலவில்லாமல் படிப்பதும் பழகுவதும்

பணம் கட்டுவதற்கு முன்பு இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். ஒன்று, ஃபிட்எஸ்எம் (FitSM) ஆவணங்களைப் பதிவிறக்கிப் படிப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் உருவான, எளிமையான இந்தச் சேவை மேலாண்மைத் தரத்தின் ஆவணங்களை எவரும் இலவசமாகப் பெறலாம். பதினான்கு செயல்முறைகளை மட்டும் கொண்டு சுருக்கமாக எழுதப்பட்டிருப்பதால், முதன்முதலாகப் படிப்பவரை அது திணறடிப்பதில்லை. சொற்களின் பொருளைச் சொல்லும் பகுதியையும், ஒரு நிறுவனம் என்னென்ன செய்யவேண்டும் என்று பட்டியலிடும் பகுதியையும் வாசித்தாலே துறையின் முழு வடிவம் கண்முன் வந்துவிடும்.

மற்றொன்று, உண்மையான டிக்கெட் மென்பொருளில் கைப்பழக்கம் பெறுவது. பயனாளரின் ஒவ்வொரு குறைக்கும் கோரிக்கைக்கும் திறக்கும் பதிவைத்தான் டிக்கெட் என்கிறார்கள். ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட் மூன்று ஏஜென்டுகள் (டிக்கெட்டுகளைக் கையாள்பவர்கள்) வரை இலவசமாகக் கிடைக்கிறது. சர்வீஸ்நவ் நிறுவனம் பயிற்சிக்கென்று ஒவ்வொருவருக்கும் தனி இன்ஸ்டன்ஸ் (மென்பொருளின் தனிப் பிரதி) ஒன்றை இலவசமாகத் தருகிறது. சில நாட்கள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதால், நேரம் ஒதுக்க முடியும்போது மட்டும் கேட்டு வாங்குங்கள். நம் மாநிலத்தில் வேர்கொண்ட ஸோஹோவின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ், சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸின் ஃப்ரெஷ்சர்வீஸ் ஆகியவற்றையும் சோதனைக் காலத்தில் பார்த்து வைப்பது நல்லது, ஏனென்றால் தமிழ்நாட்டு நிறுவனங்களில் இவற்றை எதிர்கொள்ள வாய்ப்பு அதிகம்.

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்தால் பழகுவது எளிது. ஒருவர் பயனாளராக இருந்து குறையைச் சொல்ல, ஒருவர் டிக்கெட் பதிய, மூன்றாமவர் தீர்த்து மூடவேண்டும். இதில் அதிக கவனம் வேண்டியது டிக்கெட்டை எழுதும் விதத்தில். ‘பில்லிங் ஓடவில்லை’ என்று எழுதினால் அடுத்து அதைக் கையில் எடுப்பவர் மறுபடியும் பயனாளரை அழைத்து எல்லாவற்றையும் கேட்கவேண்டியிருக்கும். ‘காலை 9.35 முதல் மூன்று கவுன்டர்களிலும் மென்பொருள் திறக்கிறது. சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் உறைகிறது. அதே கணினிகளில் இணையம் சரியாக வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை’ என்று எழுதினால், எங்கே தேடவேண்டும் என்பது அந்த வரிகளிலேயே தெரிந்துவிடும். வேலையிடத்தில் இதை ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருக்கும் என்பதால், சிறிய, நேரான ஆங்கில வாக்கியங்களில் எழுதிப் பழகுங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பயிற்சி தரும் துணிவு பெரிது.

மூன்றாம் படி: ஐடில் ஃபவுண்டேஷன்

சேவை மேலாண்மையில் உலகெங்கும் முதலில் கேட்கப்படும் சான்றிதழ் ஐடில் (ITIL) ஃபவுண்டேஷன். 1980களின் இறுதியில் பிரிட்டன் அரசின் கணினி முகமை ஒன்று, அரசுத் துறைகளில் ஐ.டி. சேவைகளை ஒழுங்காக நடத்துவதற்காகத் தொகுக்கத் தொடங்கிய நூல்வரிசையிலிருந்து வளர்ந்தது இது. மூன்றாம் பதிப்பு 2007இலும் நான்காம் பதிப்பு 2019இலும் வந்தன. 2013இல் தொடங்கப்பட்ட ஆக்செலோஸ் நிறுவனம் இதை நடத்திவந்தது. 2021இல் ஆக்செலோஸை பீப்பிள்செர்ட் வாங்கியது. இப்போது தேர்வை நடத்திச் சான்றிதழ் தருவது பீப்பிள்செர்ட்தான். பழைய வீடியோக்களிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் மூன்றாம் பதிப்பின் பாடங்கள் இன்னும் உலவுகின்றன. அவற்றை நம்பிப் படித்தால் தேர்வில் வேறு உலகத்தைப் பார்ப்பீர்கள். ஆகவே எந்தப் பதிப்புக்கான தேர்வு இப்போது விற்பனையில் உள்ளது என்பதை பீப்பிள்செர்ட் தளத்தில் பார்த்துவிட்டு, அதற்கான பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கீழே தரும் எண்கள் நான்காம் பதிப்பின் தேர்வுக்கு உரியவை.

தேர்வில் 40 கேள்விகள். எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. நேரம் 60 நிமிடங்கள். புத்தகம் பார்க்க அனுமதி இல்லை. 26 விடைகள் சரியாக இருந்தால், அதாவது 65 விழுக்காடு பெற்றால், தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாது. ஆகவே எந்தக் கேள்வியையும் விடையளிக்காமல் விடக்கூடாது. தாய்மொழியோ வேலைமொழியோ அல்லாத மொழியில் எழுதுபவர்களுக்கு 25 விழுக்காடு கூடுதல் நேரம், அதாவது மொத்தம் 75 நிமிடங்கள் கிடைக்கும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இந்தச் சலுகையை மறக்காமல் பயன்படுத்திக்கொள்ளவேண்டும்.

பாடத்தில் நான்கு பகுதிகளில் கண் வையுங்கள்: சேவை, மதிப்பு போன்ற அடிப்படைக் கருத்துகள்; ஏழு வழிகாட்டும் கோட்பாடுகள்; சர்வீஸ் வேல்யூ சிஸ்டமும் (மதிப்பை உருவாக்க நிறுவனத்தின் பகுதிகள் எல்லாம் சேர்ந்து இயங்கும் அமைப்பு) அதன் நடுவில் உள்ள ஆறு செயல்பாடுகளும்; இறுதியாக ப்ராக்டிஸ்கள், அதாவது ஒவ்வொரு வகை வேலையையும் நடத்தும் முறைகள். மொத்தம் 34 ப்ராக்டிஸ்கள் இருந்தாலும் ஃபவுண்டேஷனுக்கு எல்லாவற்றையும் ஆழமாகப் படிக்கத் தேவையில்லை. தொடர் மேம்பாடு, சேஞ்ச், இன்சிடென்ட், ப்ராப்ளம், சர்வீஸ் ரிக்வெஸ்ட், சர்வீஸ் டெஸ்க், சர்வீஸ் லெவல் (ஒப்புக்கொண்ட சேவைத் தரம்) ஆகிய ஏழை மட்டும் விரிவாகக் கேட்பார்கள். முதல் இரண்டு படிகளைச் செய்தவருக்கு இந்த ஏழில் பெரும்பாலானவை ஏற்கெனவே பழகியவையாக இருக்கும். வேறு சில ப்ராக்டிஸ்களுக்கு அவற்றின் நோக்கம் தெரிந்தால் போதும்.

படிக்கும்போது கருத்தைத் தமிழில் உங்களுக்கே விளக்கிச் சொல்லிப் பாருங்கள். வரையறையை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் நினைவில் வையுங்கள். விடைகளில் ஒரே ஒரு சொல்லை மாற்றித்தான் குழப்புவார்கள். ‘இவற்றில் எது அல்ல’ என்று கேட்கும் கேள்விகளை அவசரத்தில் தலைகீழாகப் படித்துவிடுவதும் வழக்கமாக மதிப்பெண் போகும் இடம். அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகளை நேரம் வைத்து எழுதி, தவறான ஒவ்வொரு விடைக்கும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கசிந்த வினாத்தாள் என்று சொல்லி விற்கப்படும் தொகுப்புகளை வாங்காதீர்கள். அது தேர்வு விதிக்கு எதிரானது. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழே பறிபோகும். அதைவிட, நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும்.

ஃபவுண்டேஷனுக்குப் பயிற்சி வகுப்பு கட்டாயமில்லை. மின்னூலும் தேர்வு வவுச்சரும் சேர்ந்த தொகுப்பை வாங்கி, தானாகப் படித்தும் எழுதலாம். வகுப்பில் சேர்வதென்றால் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கட்டணத்தில் தேர்வு வவுச்சர் அடக்கமா, அந்த வவுச்சர் எத்தனை மாதம் செல்லும், வரி தனியா. வகுப்பு முடிந்ததும் நிறுவனமே அச்சிட்டுத் தரும் பங்கேற்புச் சான்றிதழ் வேறு, பீப்பிள்செர்ட் தரும் சான்றிதழ் வேறு. இந்த வேறுபாட்டை வேண்டுமென்றே மங்கலாக வைத்துக்கொண்டு மாணவர்களைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது மிகவும் வருத்தத்துக்குரியது. முதல் முறை தவறினால் மீண்டும் எழுத வழி தரும் டேக்டூ என்ற கூடுதல் வசதியும் விற்கப்படுகிறது. தேர்வு என்றாலே பதற்றப்படுபவர்கள் அதைச் சேர்த்து வாங்கிக்கொள்வது நிம்மதி.

நான்காம் படி: தேர்வு நாளுக்கான ஏற்பாடு

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்பதால் கடலூர்க்காரர் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் எழுதுவதற்கு என்று தனி ஏற்பாடு தேவை. கணக்குத் தொடங்கும்போது பெயரை, நீங்கள் காட்டப்போகும் அடையாள ஆவணத்தில் இருப்பதுபோலவே பதியுங்கள். நம்மில் பலருக்கு ஓர் ஆவணத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் முழுவதும் விரிந்திருக்கும். தேர்வு நேரத்தில் கண்காணிப்பாளர் ஆவணத்தையும் கணக்கையும் ஒப்பிடும்போது இந்த வேறுபாடு தொல்லை தரும். எந்த ஆவணங்கள் ஏற்கப்படும் என்ற பட்டியலை முன்கூட்டியே பார்த்து, ஒன்றை முடிவு செய்துவிட்டுப் பிறகு பதியுங்கள்.

தேர்வைக் கண்காணிக்கும் எக்ஸாம்ஷீல்ட் என்ற மென்பொருளைக் கணினியில் நிறுவவேண்டும். அலுவலக மடிக்கணினிகளில் இத்தகைய மென்பொருளுக்குத் தடை இருக்கும் என்பதால் சொந்தக் கணினியையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் முன்பே சோதித்துப் பாருங்கள். அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். மேசை மீது எதுவும் இருக்கக்கூடாது. தேர்வு முடியும்வரை அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது. கூட்டுக் குடும்பத்தில் வாழ்பவர்கள் வீட்டில் எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிட்டு, கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ளுங்கள்.

நம் கடற்கரைக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேர்வு நாளைக் குறிக்காமல் இருப்பது நல்லது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியதும் இங்குள்ள எவருக்கும் மறந்திருக்காது. புயல் இல்லாத வடகிழக்குப் பருவமழை நாளில்கூட மின்சாரமும் இணையமும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. வவுச்சர் காலாவதியாகும் நாளைப் பார்த்து, ஜனவரிக்குப் பிறகோ மழைக்காலம் தொடங்குவதற்கு முன்போ நாளைத் தேர்ந்தெடுங்கள். எந்த மாதமானாலும் முழு சார்ஜ் ஏற்றிய மடிக்கணினியும், மின்சாரம் போனால் ரவுட்டரைத் தாங்கும் இன்வெர்ட்டரும் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: வேலையும் அதற்குப் பிறகான பாதையும்

ஃபவுண்டேஷன் கையில் இருந்தாலும் முதல் வேலை பெரும்பாலும் சர்வீஸ் டெஸ்கில்தான் கிடைக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக இயங்கும் குழுக்களில் இரவு ஷிப்ட் வழக்கம் என்பதையும், வேலைவாய்ப்பு அதிகம் சென்னையில் இருப்பதையும் வீட்டில் பேசி முடிவெடுங்கள். குறைந்தது ஓராண்டு டிக்கெட்டுகளோடு வாழ்ந்த பிறகே மேல்நிலைச் சான்றிதழைப் பற்றி நினைப்பது நல்லது. கல்லூரி முடித்த கையோடு முழுப் பாதைக்கும் சேர்த்துப் பணம் கட்டச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் ஏற்காதீர்கள்.

ஐடில் நான்காம் பதிப்பில் மேலே செல்ல மூன்று கிளைகள் உண்டு. சேவைகளையும் குழுக்களையும் நடத்துபவர்களுக்கு மேனேஜிங் புரொஃபெஷனல்; இதற்கு நான்கு பாடங்களை முடிக்கவேண்டும். அவற்றுள் சேவையை உருவாக்குவது, வழங்குவது, ஆதரிப்பது பற்றிய பாடம் சர்வீஸ் டெஸ்கிலிருந்து வருபவருக்கு முதலில் எடுக்க ஏற்றது. வணிக முடிவுகளில் பங்கு கொள்பவர்களுக்கு ஸ்ட்ராடஜிக் லீடர். இது மூத்தவர்களுக்கானது, இப்போதைக்கு மறந்துவிடலாம். இன்சிடென்ட், ப்ராப்ளம், சர்வீஸ் டெஸ்க் என்று தான் செய்யும் வேலையிலேயே ஆழமாக இறங்க விரும்புபவர்களுக்கு ப்ராக்டிஸ் மேனேஜர். என் பார்வையில், நம் ஊரிலிருந்து சென்று இரண்டாம் ஆண்டில் இருப்பவருக்கு இந்த மூன்றாவது கிளைதான் அதிகம் பயன்படும். காலையில் படித்ததை மாலை ஷிப்டிலேயே செய்து பார்க்கலாம். மூன்று கிளைகளையும் முடித்தவருக்கு மாஸ்டர் நிலை கிடைக்கும். மேல்நிலைப் பாடங்கள் பலவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி கட்டாயம் என்பதால் செலவு கணிசமாக உயரும். நிறுவனம் ஈடு செய்யுமா என்று கேட்காமல் சொந்தப் பணத்தைப் போடவேண்டாம்.

ஐடிலுக்கு வெளியேயும் வழிகள் உள்ளன. மென்பொருளை அமைப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு சர்வீஸ்நவ் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் சான்றிதழ் நல்ல இரண்டாவது படி. ஃபவுண்டேஷனோடு இதுவும் இருந்தால், செயல்முறையும் தெரியும், கருவியும் தெரியும் என்று உங்களைக் காட்டிக்கொள்ள முடியும். ஐ.எஸ்.ஓ. 20000 என்பது சேவை மேலாண்மைக்காக நிறுவனங்கள் பெறும் தரச்சான்று. தனிநபர்கள் அதில் தணிக்கையாளராகவோ நடைமுறைப்படுத்துபவராகவோ பயிற்சி பெறலாம். ‘எங்கள் நிறுவனம் ஐடில் சான்று பெற்றது’ என்று விளம்பரத்தில் பார்த்தால் சற்று நின்று யோசியுங்கள், ஏனெனில் ஐடில் சான்றிதழ் தனிநபர்களுக்கு உரியது. பல ஒப்பந்த நிறுவனங்களை ஒருங்கிணைக்கும் வேலைக்கு சியாம் (SIAM), நிர்வாகக் கட்டுப்பாடும் தணிக்கையும் சார்ந்த வேலைக்கு ஐசாகா (ISACA) அமைப்பின் கோபிட் (COBIT) என்று பின்னால் தேவைக்கேற்பப் பார்த்துக்கொள்ளலாம்.

சான்றிதழ் கிடைத்ததும் அதன் காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள். 2023 முதல் ஐடில் சான்றிதழ்கள் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதே தேர்வை மீண்டும் எழுதியோ, அந்த வரிசையில் வேறொரு தேர்வில் தேர்ச்சி பெற்றோ, தொடர்கல்விப் புள்ளிகளைப் பதிவு செய்தோ புதுப்பிக்கலாம். இரண்டாவது வழியே சிக்கனமானது: மூன்றாண்டுக்குள் எப்படியும் ஒரு மேல்நிலைப் பாடத்தை எழுத நினைப்பவர், அந்தத் தேர்வைப் பழைய சான்றிதழ் முடிவதற்குள் வருமாறு திட்டமிட்டால் ஃபவுண்டேஷனுக்காக இன்னொரு முறை பணம் கட்டத் தேவையில்லை.